இளவரசி மோனோனோகே: செஞ்சி மலையடியிலிருந்து பார்க்கையில்

இளவரசி மோனோனோகே என்பது ஹயாவோ மியாசாகி எழுதி இயக்கிய ஜப்பானிய அனிமேஷன் திரைப்படம். ஸ்டூடியோ கிப்லி தயாரித்த இப்படம் 1997 ஜூலை 12 அன்று ஜப்பானில் வெளியானது. இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும். அதுவரை ஜப்பானில் ஓடிய எல்லாப் படங்களின் வசூலையும் தாண்டியது. பின்னால் வந்த டைட்டானிக் தான் அதை முந்தியது. ஜப்பானிய அகாதமி வழங்கும் ஆண்டின் சிறந்த படத்துக்கான விருதைப் பெற்ற முதல் அனிமேஷன் படமும் இதுவே. ஏறத்தாழ 1,44,000 ஓவியங்களால் ஆன இப்படத்தில் 80,000 வரை மியாசாகி தம் கையாலேயே திருத்தினார் என்பர். இசை ஜோ ஹிசாய்ஷி.

மோனோனோகே என்பது கதாநாயகியின் பெயர் அன்று. மனிதரைப் பற்றிக்கொண்டு நோயும் துன்பமும் தரும் ஆவியை ஜப்பானியர் அப்படி அழைப்பார்கள். "பேய் இளவரசி" என்று தமிழாக்கினால் பொருள் சிறுத்துவிடும். மலையிலும் சுனையிலும் மரத்திலும் உறைந்து, நெருங்கியவரை வருத்தும் ஆற்றலைச் சங்கப் புலவர்கள் அணங்கு என்றார்கள். அந்தச் சொல்தான் இதற்கு மிக நெருக்கமானது.

இப்படத்தைப் பற்றிப் பேசும்போது "இயற்கையைக் காப்போம் என்று சொல்லும் படம்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவது வழக்கம். செஞ்சியில், ராஜகிரி தெரியும் ஒரு வீட்டில் அமர்ந்து இதைப் பார்த்தபோது அந்த ஒரு வரி எனக்குப் போதவில்லை. காட்டை அழிப்பவள் இப்படத்தில் கெட்டவள் அல்ல. அதோடு, கதையின் மையத்தில் இருக்கும் இரும்பு, கரி, மலைத்தெய்வம் மூன்றும் நம் பக்கத்திலும் உண்டு.

கதை

கதையை முடிவு வரை சொல்லாமல் இக்கட்டுரையை எழுத முடியாது. படம் பார்த்துவிட்டுப் படிக்க விரும்புவோர் இங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

காலம் ஜப்பானின் முரோமாச்சி ஆட்சிக்காலம், அதாவது 14 முதல் 16 வரையிலான நூற்றாண்டுகளுக்குள் ஒரு காலம். வடகிழக்கில் ஒதுங்கி வாழும் எமிஷி இனத்தவரின் சிற்றூருக்குள் வெறிபிடித்த ஒரு பன்றித் தெய்வம் புகுகிறது. அதை அம்பெய்து கொல்லும் இளைஞன் ஆஷிடாகாவின் வலக்கையில் சாபம் பற்றுகிறது. நாளாக நாளாக அது உடம்பெல்லாம் பரவி அவனைக் கொன்றுவிடும். செத்த பன்றியின் உடலுக்குள் ஓர் இரும்புக் குண்டு கிடக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று தேடி அவன் மேற்கே போகிறான்.

அங்கே காட்டின் ஓரத்தில் ஓர் இரும்பு ஊர். தலைவி எபோஷி. மரத்தை வெட்டி, மலையைக் குடைந்து, இரும்பு உருக்கித் துப்பாக்கி செய்கிறாள். பன்றியைச் சுட்டவள் அவள்தான். காட்டுக்குள் மோரோ என்ற ஓநாய்த் தெய்வமும், அது வளர்த்த மனிதப் பெண் சானும் இருக்கிறார்கள். சானைத்தான் ஊரார் மோனோனோகே இளவரசி என்கிறார்கள். இவர்கள் எல்லாருக்கும் மேலே, பகலில் மனித முகமுள்ள மானாகவும் இரவில் வானளவு உயர்ந்த உருவமாகவும் நடமாடும் ஷிஷிகாமி என்ற வனதெய்வம். அதன் தலை சாகாவரம் தரும் என்று நம்பும் பேரரசர் அதைக் கொண்டுவர ஆள் அனுப்புகிறார். எபோஷி தெய்வத்தின் தலையைச் சுட்டு வீழ்த்துகிறாள். தலையிழந்த உடல் தொட்ட இடமெல்லாம் சாவாகிறது. ஆஷிடாகாவும் சானும் தலையைத் திருப்பித் தருகிறார்கள். விடியலில் தெய்வம் சாய்கிறது, மலை மறுபடி பசுமையாகிறது. சானால் மனிதரை மன்னிக்க முடியவில்லை, காட்டிலேயே இருந்துவிடுகிறாள். ஆஷிடாகா இரும்பு ஊரில் தங்குகிறான். எபோஷி சாகவில்லை, ஒரு கையை இழந்தவள், ஊரைத் திரும்பக் கட்டத் தொடங்குகிறாள்.

பன்றி

படத்தின் முதல் காட்சி முடிந்ததும் என் சித்தப்பா சொன்னது: "அந்தப் பையன் அம்பு விட்டது சரிதான். பன்னி கொல்லையில பூந்தா அப்புறம் என்னா மிஞ்சும்?"

செஞ்சி, திருவண்ணாமலைப் பக்கம் மல்லாட்டை (மணிலா, நிலக்கடலை) போடுகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள். கூட்டமாக வரும் காட்டுப்பன்றி ஒரே இரவில் கொல்லையைக் கிளறிவிட்டுப் போகும். அதற்காக மின்வேலி போடுவதும், உணவுக்குள் வெடி வைப்பதும் தமிழ்நாட்டில் பல இடங்களில் நடக்கின்றன. அவுட்டுக்காய் எனப்படும் அந்த வெடியைக் கடித்து வாய் சிதைந்து நாட்கணக்கில் அலைந்து செத்த விலங்குகளில் யானைகளும் உண்டு. 2025 தொடக்கத்தில் தமிழக அரசு, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று அறிவித்தது. உழவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்தது அது.

மியாசாகி இந்தக் காட்சியை அமைத்த விதத்தைக் கவனிக்க வேண்டும். பன்றி பிறவியிலேயே வெறிகொண்டது அன்று. எங்கோ மேற்கில் காடு எரிக்கப்பட்டு, குண்டு பாய்ந்து, வலியோடு நாடு கடந்து ஓடி வந்து, இதில் எந்தப் பங்கும் இல்லாத ஓர் ஊரில் விழுகிறது. சுட்டவளுக்குச் சாபம் இல்லை, ஊரைக் காத்தவனுக்குத்தான் சாபம். சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். "நம்ம கொல்லையிலயும் அதான நடக்குது" என்றார்.

இரும்பும் கரியும்

எபோஷியின் ஊர் கற்பனை. அதன் தொழில் கற்பனை அன்று. ஜப்பானில் இரும்புத்தாதுப் பாறை குறைவு. ஆகவே மலைமண்ணை நீரோடையில் அரித்து, அடியில் தங்கும் கறுப்பு இரும்பு மணலைச் சேர்த்து, களிமண் உலையில் மரக்கரியோடு மாறிமாறி இட்டு உருக்கினார்கள். இம்முறைக்குத் தாதரா என்று பெயர். மேற்கு ஜப்பானில், இன்றைய ஷிமானே மாநிலத்தின் மலைப்பகுதி இதற்குப் பேர் போனது. அங்கே ஒக்குயிசுமோ என்ற ஊரில் வாள் செய்வோருக்கான எஃகுக்காக 1977இல் ஓர் உலையை மறுபடி மூட்டினார்கள்; இன்றும் குளிர்காலத்தில் அது எரிகிறது. மூன்று பகல் மூன்று இரவு விடாமல் ஊதுகிறார்கள். சுமார் 10 டன் மணலும் 12 டன் கரியும் உள்ளே போனால் வெளியே வருவது 2.5 டன் உலோகக் கட்டி. அதிலும் நல்ல எஃகு ஒரு பகுதிதான்.

12 டன் கரி என்றால் என்ன? கரிமூட்டம் போட்டவர்களுக்குத் தெரியும்: நாலைந்து வண்டி விறகு எரிந்தால் ஒரு வண்டி கரி. ஒருமுறை உலை மூட்ட 50 டன்னுக்கு மேல் மரம் வேண்டும். இரும்பு ஊரைச் சுற்றி மொட்டையாக நிற்கும் மலைகளைப் படத்தில் பார்க்கும்போது இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டால், அந்த ஓவியம் மிகை அன்று என்று புரியும்.

ஒரு செய்தியைச் சொல்லவேண்டும். உண்மையான தாதராவில் பெண்கள் நுழையக்கூடாது. உலைத்தெய்வமான கனயாகோவுக்குப் பெண்களைப் பிடிக்காது என்பது நம்பிக்கை. படத்திலோ துருத்தி மிதிப்பவர்கள் முழுக்கப் பெண்கள், விலைமாதர் விடுதிகளிலிருந்து எபோஷி மீட்டுவந்தவர்கள். ஆண்களைச் சத்தம் போட்டு அதட்டும் அளவுக்கு அவர்களுக்கு அங்கே இடம் உண்டு. துப்பாக்கியை வடிவமைப்பவர்கள் தொழுநோயாளிகள். யாரும் தொட அஞ்சியவர்களின் கட்டுகளை எபோஷி தன் கையால் மாற்றினாள் என்று அவர்களில் மூத்தவர் சொல்கிறார். மியாசாகி தாம் வசிக்கும் இடத்துக்கு அருகிலுள்ள தாமா சென்ஷோயென் தொழுநோய் இல்லத்துக்குப் போய்ப் பார்த்து, அந்த மனிதர்களை இப்படத்தில் கொண்டுவரத் தீர்மானித்ததாகப் பின்னாளில் கூறினார். நோயாளிகளை வாழ்நாள் முழுதும் அடைத்துவைக்க இடம் தந்த சட்டத்தை ஜப்பான் நீக்கியது 1996இல், அதாவது படம் வருவதற்கு ஓராண்டு முன்புதான்.

ஆக, காட்டை வெட்டுபவர்கள் யார் என்று இப்படம் கேட்கிறது. செஞ்சிப் பக்கம் அதற்கு ஒரு விடை உண்டு. இங்கே சீமைக்கருவேலம் வெட்டி மூட்டம் போடுகிறவர்களில் பெரும்பாலோர் இருளர்கள். ஒருகாலத்தில் காட்டையே வாழ்வாதாரமாகக் கொண்டிருந்தவர்கள் இன்று முன்பணம் வாங்கிக்கொண்டு மரம் வெட்டவும், செங்கல் சூளைக்கும் போகிறார்கள். அவர்களில் பலர் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்ட வழக்குகள் வடமாவட்டங்களில் திரும்பத்திரும்பப் பதிவாகின்றன. கோடரி பிடித்தவரின் கையைப் பார்த்து "காட்டை அழிக்கிறான்" என்று சொல்வது எளிது. அந்தக் கரி எந்தக் கடைக்கு, எந்த ஆலைக்குப் போகிறது என்பது கண்ணில் படுவதில்லை. எபோஷி ஒருவேளை இருளர் குடும்பங்களை மீட்டு ஊர் அமைத்திருப்பாள். அதே நாளில் அவர்கள் கையில் கோடரியும் கொடுத்திருப்பாள்.

பெரிய அளவிலான இரும்பு உலைக்கும் இந்த மாவட்டத்தில் வரலாறு உண்டு. செஞ்சி 1993 வரை தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. அதே மாவட்டத்தின் கடற்கரையில், பரங்கிப்பேட்டையில், கும்பினி அரசில் பணியாற்றிய ஜோசையா மார்ஷல் ஹீத் 1830 அளவில் ஐரோப்பிய முறையில் இரும்பாலை தொடங்கினார். சேலம் பக்கத்துத் தாது, உள்ளூர் மரக்கரி. 1853இல் ஏற்பட்ட ஈஸ்ட் இந்தியா அயர்ன் கம்பெனி தென்னாற்காட்டில் இன்னொரு ஊதுலையும் கட்டியது. எதுவும் நெடுநாள் நிலைக்கவில்லை. நிலக்கரியில் மலிவாக உருக்கிய இங்கிலாந்து இரும்போடு போட்டியிட முடியாததும், விறகுக்கு நாளுக்குநாள் தொலைவு போகவேண்டி வந்ததும் காரணங்கள். தாது எங்கும் போய்விடாது. சுற்றுக்காடு தீர்ந்தால் உலை அணைந்துவிடும்.

ஒக்குயிசுமோவில் அப்படி அணையவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அங்கே உலை நடத்திய பெருங்குடும்பங்கள் மலையைப் பங்குபங்காகப் பிரித்து, ஒரு பங்கை வெட்டினால் அது மறுபடி தழைத்து வளர ஏறத்தாழ 30 ஆண்டு விட்டுவைத்தார்கள். மணல் அரித்த சரிவுகளைப் படிவயல்களாக்கி நெல் விதைத்தார்கள். சும்மா வந்த ஒழுங்கு அன்று அது. ஆற்றில் சேறு இறங்கி வயல் கெட்டதால் கீழ்நாட்டு உழவர்கள் சண்டையிட்டு, மணல் அரிப்பதைக் குளிர்காலத்துக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தினார்கள். முடிவில் இன்னும் நல்ல ஊராகக் கட்டுவோம் என்கிறாளே எபோஷி, அது வெறும் பேச்சாகத்தான் முடியவேண்டும் என்பதில்லை என்று நான் நினைப்பது இதனால்தான். படம் இதைச் சொல்லவில்லை, வரலாறு சொல்கிறது.

வேடியப்பன் மலை

செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை 40 கிலோமீட்டருக்குள்தான். அந்நகருக்கு அருகில் கவுத்திமலை, வேடியப்பன்மலை என்று இரு மலைகள் உள்ளன. அவற்றில் இருப்பது மேக்னடைட் இரும்புத்தாது. வேடியப்பன் அம்மலையின் தெய்வம், வேட்டைக்காரத் தெய்வம்.

2000களில் தமிழக அரசு நிறுவனம் ஒன்றும் தனியார் எஃகு நிறுவனம் ஒன்றும் சேர்ந்து இங்கே சுரங்கம் தோண்டத் திட்டமிட்டன. கேட்கப்பட்ட காட்டு நிலம் 300 ஹெக்டேருக்கு மேல். சுற்றுக் கிராமத்தார் எதிர்த்தார்கள். உச்ச நீதிமன்றம் காட்டு வழக்குகளுக்காக அமைத்த மத்திய அதிகாரக் குழு, இதற்கு அனுமதி தரவேண்டாம் என்று பரிந்துரைத்தது. சில ஆண்டுகள் கழித்துத் திட்டம் மறுபடி தலைதூக்கியபோது மக்களும் மறுபடி திரண்டார்கள்.

தெய்வம் குடியிருக்கும் மலை, அதற்கடியில் இரும்பு, கீழே வேலை வேண்டும் என்கிற ஊர், தொலைவிலிருந்து வரும் ஆணை: இவ்வளவும் மியாசாகியின் கதையிலும் இருக்கிறது. ஒரு வேறுபாடு உண்டு. படத்தில் தெய்வங்களே சண்டைக்கு வருகின்றன. பன்றிப் படையை நடத்தும் கிழட்டு ஒக்கோட்டோ, தம் இனம் சிறுத்துக்கொண்டே போகிறது என்று தெரிந்தும் துப்பாக்கிகளுக்கு நேராக ஓடுகிறது. நம் பக்கத்தில் வேடியப்பனுக்காக மனுப் போட்டவர்களும் மறியல் செய்தவர்களும் மனிதர்கள். ஆடு மேய்க்க, தண்ணீர் வர, பொங்கல் வைக்க அவர்களுக்கு அந்த மலை தேவைப்பட்டது. பக்தியையும் பிழைப்பையும் அவர்கள் தனித்தனியாகப் பிரித்துப் பேசவில்லை.

தெய்வத்தின் பேரால் காடு நிற்பது இந்த மாவட்டத்துக்குப் புதிதன்று. சோழமண்டலக் கடற்கரைக்கும் அதை ஒட்டிய குன்றுகளுக்கும் உரிய காடு, உலர் பசுமைமாறாக் காடு. உலக்கைப்பாலை, வீரை, காயா போன்ற மரங்கள். உயரம் குறைவு, இலை தடிப்பு, வளர்ச்சி மெதுவு. பெரும்பகுதி அழிந்துபோய் இன்று துண்டுதுண்டாக எஞ்சியிருக்கிறது. செஞ்சியை அடுத்த பாக்கம் மலைக் காப்புக்காடு ஒரு துண்டு. மரக்காணம் போகும் வழியில் கீழ்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயில் காடு இன்னொரு துண்டு. அய்யனார் காட்டில் குச்சி ஒடிக்கக்கூடாது என்பதுதான் இத்தகைய இடங்களைக் காத்த சட்டம். அந்த அச்சம் குறைந்த ஊர்களில் காட்டைத் திருத்திச் சிமெண்டில் மண்டபமும் வாகனம் நிறுத்த இடமும் வந்துவிட்டன. சாமிக்கு வீடு பெரிதாகிறது, மரம் போகிறது. எபோஷி துப்பாக்கியால் செய்ததை நாம் கும்பாபிஷேகப் பத்திரிகை அடித்துச் செய்கிறோம் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும்.

தலை

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் மராத்தா இராணுவ நிலப்பரப்புகள் என்ற தொகுதியில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. 12 கோட்டைகளில் மகாராட்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றே. வருபவர்கள் மதில், பீரங்கி, கல்யாண மகால், தேசிங்கு ராஜன் என்று கேட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் ஊர்ப் பெயர் அரசர்களிடமிருந்து வந்ததன்று. கன்னித் தெய்வங்கள் எழுவரில் ஒருத்தியான செஞ்சியம்மன் பெயரால் வந்தது என்பது வழக்கு. எழுவரில் இன்னொருத்தியான கமலக்கன்னி ராஜகிரியின் மேல் இருக்கிறாள். கோட்டை வருமுன்பே அவள் அங்கே இருந்தாள் என்பார்கள்.

ஷிஷிகாமியின் தலை உருளும் காட்சியில் எனக்கு நினைவு வந்தது இந்தப் பகுதியின் இன்னொரு கதை. திரௌபதி அம்மன் வழிபாட்டின் தாயகம் செஞ்சி வட்டாரம்; மேலச்சேரிக் கோயிலை ஆதிக்கோயில் என்பர். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபெய்டல் 1988இல் வெளியிட்ட நூலின் பெயரிலேயே செஞ்சி இருக்கிறது. அவர் பதிவு செய்த கதையில், செஞ்சிக் காட்டில் பல தலை கொண்ட ஓர் அசுரன். அவனுடைய கடைசித் தலையைத் தரையில் விழவைத்தவர் மடிவார். ஆகவே அம்மன் அதை வெட்டியதும் போத்துராஜா கையில் ஏந்திக்கொள்கிறார். திரௌபதி அம்மன் கோயில்களில் போத்துராஜா சிலையின் கையில் ஒரு தலை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கீழே வைக்க முடியாத தலை அது. யாராவது ஒருவர் நின்று தாங்கிக்கொண்டே இருக்கவேண்டும். மியாசாகிக்கு இக்கதை தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கடைசியில் ஆஷிடாகாவும் சானும் தலையை இரு கைகளாலும் தூக்கிப் பிடித்து நிற்கும்போது, அருகில் உட்கார்ந்திருந்த சித்தி "நம்ம போத்துராஜா மாதிரியே" என்றாள்.

பார்க்கப்போகிறவர்களுக்கு

அனிமேஷன் என்பதால் சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்துவிட வேண்டாம். கை, தலை துண்டாகும் காட்சிகள் தொடக்கத்திலேயே உண்டு. ஆங்கில வசனங்களை எழுத்தாளர் நீல் கெய்மன் எழுதினார். அந்தப் பதிப்பு 1999இல் வந்தது. முடிந்தால் ஜப்பானிய ஒலியோடு எழுத்துவரி வைத்துப் பாருங்கள், ஓநாய் மோரோவின் குரலுக்காகவே. காட்டின் பின்னணிக்காக ஓவியர்கள் தெற்கே யாகுஷிமா தீவுக்கும் வடக்கே ஷிராகாமி மலைகளுக்கும் போய் வரைந்தார்கள். பாசி படர்ந்த அந்த ஈரக்காட்டுக்கும் செஞ்சியின் வெயில் குடித்த பாறைகளுக்கும் தோற்றத்தில் ஒற்றுமை எதுவும் இல்லை.

முடிவுக் காட்சியை நிறுத்திப் பார்ப்பது நல்லது. மலை பசுமையாகிறது என்றேன். திரும்பி வருவது பழைய காடு அன்று. புல்லும் செடியும் இளங்கன்றுகளும்தான். ஷிஷிகாமி உலவிய பெருமரங்கள் விழுந்தபடியே கிடக்கின்றன. காட்டில் உயிர் இருப்பதன் அடையாளமாகப் படம் முழுக்கக் கூட்டங்கூட்டமாக வந்த கொடாமா என்னும் வெண்ணிறக் குட்டி ஆவிகளில் ஒன்றே ஒன்று, வெட்டவெளியான காட்டுக்குள் தனியாக நடந்து வந்து, தலையை ஒருமுறை கடகடவென்று ஆட்டுகிறது.